இழை அறுந்த சாடை

துளசிமணிக்கு மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, சாவுக்காக நிறுத்தி வைத்திருந்த தறிகளை இனி ஓட்டலாம் என்று பூளைமேட்டுத் தெருக்காரர்கள் சுவிட்சைப் போட்டபோது, தறிகள் ஓடின, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தது, துணி உருளையில் சுற்றிக்கொண்டே வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. குளித்ததில் காதுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று நினைத்து, ஆணும் பெண்ணுமாக வாசலுக்கு வந்து ஒற்றைக் காலில் நின்று தலையைச் சாய்த்துக் குதித்தார்கள். ஒரு தெருவே அப்படிக் குதிப்பதைப் பார்த்த பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, “ஏனுங்க, நோம்பிங்களா?” என்று ஏதோ திருவிழா என்ற நினைப்பில் கேட்டார். அவர் கேட்டது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. கோளாறு காதில் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பூளைமேடு, காவிரிக் கரையில் விசைத்தறியை நம்பிப் பிழைக்கிற ஓர் ஊரின் கடைசித் தெரு. வீட்டுக்கு வீடு பட்டறை. இரவும் பகலும் ஷிப்ட் மாறி மாறி ஓடுவதால் அங்கே பிறக்கிற குழந்தை தறி இரைச்சலில்தான் கண்ணை மூடும், கரண்டு போனால் வீறிட்டு எழுந்துகொள்ளும். அந்த இரைச்சலில் வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது என்று, தறி வந்த காலத்திலிருந்தே தெருக்காரர்கள் கையால் பேசப் பழகியிருந்தார்கள். மீசையை முறுக்கினால் புருஷன். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ. பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கல்யாணத்தையே கையால் பேசி முடித்துவிடுவார்கள். இத்தனை சாடைகளிலும் அதிகம் புழங்கியது ஒன்றுதான்: இரண்டு விரலைச் சொடுக்கித் தறியைக் காட்டினால், இழை அறுந்துவிட்டது, அப்புறம் பேசலாம் என்று அர்த்தம். பாதி நேரம் இழை எதுவும் அறுந்திருக்காது. வம்பு பேசுகிறவளிடமிருந்து தப்பிக்கவும், சங்கடமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவவும் அதைவிட மரியாதையான வழி கிடையாது. தறிக்காரருக்கு இழைதானே தெய்வம், யார் கோபித்துக்கொள்ள முடியும்?

சத்தம் போனதும் பெரிய பட்டறை முதலாளி சென்னியப்பன் ஆள்விட்டது பூபதிக்குத்தான். அந்தத் தெருவின் அத்தனை தறிக்கும் அவன்தான் பிட்டர். நட்டு கழன்றாலும் பல்சக்கரம் தேய்ந்தாலும் அவன் வந்து கை வைத்தால்தான் ஓடும். செத்துப்போன துளசிமணியின் புருஷனும் அவன்தான்.

“என்னடா பூபதி, எங்காச்சும் லூசாயிருச்சா?”

“எல்லாம் டைட்டாத்தானுங்க இருக்குது.”

அவன் சுத்தியலை எடுத்து ஓடுகிற தறியின் சட்டத்தில் ஓங்கி அடித்தான். அடி விழுந்தது, சத்தம் விழவில்லை. இன்னொரு முறை அடித்தான். சுற்றி நின்றவர்கள் தறியைப் பார்த்தார்களே தவிர, துளசிமணி ஓட்டிய தறிகளின் பக்கம் மட்டும் அவன் போகாததை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல இருந்தார்கள். அதில் அந்தத் தெருக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

அதற்கப்புறம் தெரு தன்னால் ஆனதையெல்லாம் செய்தது. லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கி, கரண்டு நல்லாத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். மாரியம்மனுக்குக் கிடாய் நேர்ந்துகொண்டார்கள். பக்கத்துத் தெருவின் தறிச் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து, கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்து, தெருமுனைக்கு வெளியே கட்டி ஓடவிட்டார்கள். அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் வந்தது, வேப்பமரத்தைத் தாண்டி ஓரடி உள்ளே வரமாட்டேன் என்றது. இரைச்சலைக் குறைத்துக் காட்டிய தெரு என்று மாவட்டத்திலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. அதைக் கண்ணாடி போட்டுச் சென்னியப்பன் பட்டறையில் மாட்டினார்கள், அதற்கும் ஒரு நல்ல நாள் பார்த்து.

ஆனால் சத்தம் இல்லாத இடத்தில் மற்ற சத்தங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. காவிரி ஓடுகிற ஓசையை அந்தத் தெரு முதல்முறையாகக் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் எச்சில் விழுங்குவது கேட்டது. பட்டப்பகலில் ஒரு வீட்டில் பெல்ட்டை உருவுகிற ஓசை வந்தால், அடுத்து வரப்போவதற்காகத் தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அடி விழும், ஒரு பெண் குரல் ‘ம்’ என்று மட்டும் சொல்லும், பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் அடிக்கிறவர்கள் ஜன்னலைச் சாத்தப் பழகினார்கள், அடி வாங்குகிறவர்கள் முந்தானையைக் கடித்துக்கொள்ளப் பழகினார்கள். எதற்கும் பழகிக்கொள்கிற தெரு அது. துளசிமணியின் மகள் தன்ஷிகா மட்டும், இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தை, அம்மா போன நாளிலிருந்து வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டதில்லை. வீட்டின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு எதிரில் உட்கார்ந்து, மூக்கைத் தொட்டு, உள்ளங்கையை அசைத்து, வா வா என்று சாடை காட்டிக்கொண்டே இருக்கும்.

துளசிமணி அந்தத் தொட்டிக்குள்தான் கிடந்தாள். தரைக்குக் கீழே கட்டிய தொட்டி. தண்ணீர் மோந்தபோது கால் தவறி விழுந்துவிட்டாள் என்று பூபதி சொன்னான், தெருவும் அதையே சொன்னது. முதலில் போய்ப் பார்த்தது நாகரத்தினம், பூபதியின் அம்மாவோடு பிறந்தவள், அம்மா செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். அவள் பார்த்தபோது தொட்டியின் சிமெண்ட் மூடி பத்திரமாக மூடியிருந்தது. போலீஸ் வந்தபோது அது சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. கால் தவறி விழுந்தவள் எப்படி உள்ளேயிருந்து மூடியைப் போட்டுக்கொள்வாள் என்று நாகரத்தினத்தை யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாததால் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்த கையோடு, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழந்தையை இன்னொருத்தி வந்து பார்ப்பாளா? கூடப் பிறந்த சித்தி இருக்கும்போது வெளியே எதற்குப் பெண் தேட வேண்டும்? துளசிமணியின் தங்கை பவளமணியைப் பூபதிக்குக் கட்டி வைத்துவிடலாம். இப்படிச் செய்வது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான், பல வீடுகளில் நல்லபடியாகவும் நடந்திருக்கிறது. பவளமணியின் அப்பா தலையாட்டிவிட்டார். பவளமணிக்கு அக்காவைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று: அக்கா தாய்வீட்டுக்கு வந்தால் தூங்குவாள். வந்ததும் பாயைப் போட்டுப் படுத்தால் கிளம்புகிற நேரத்துக்குத்தான் எழுந்திருப்பாள். வாரக்கணக்கில் கண் மூடாதவள் போலத் தூங்குவாள்.

“அந்த ஊட்டுக்குப் போனா நானும் அந்தத் தொட்டிக்குள்ளதாம்மா போவேன்” என்றாள் அம்மாவிடம்.

அம்மா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். “நல்ல நாளும் அதுவுமா நல்ல வார்த்தை பேசு அம்மிணி.”

ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. ஒரே ஒரு தடைதான் இருந்தது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் செத்துப்போனால் கோட்டாட்சியர் விசாரித்தாக வேண்டும் என்பது சட்டம். அவர் விபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பத்திரிகை அடித்துவிடலாம்.

கோட்டாட்சியர் பெயர் ஜெசிந்தா. கடற்கரைக்காரர், தறியைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு சரி. அவர் யாரையும் அலுவலகத்துக்கு வரச்சொல்லாமல், சென்னியப்பன் பட்டறைக்கே வந்து மேஜை போடச் சொன்னார். தனியாகவும் வரவில்லை. கிராம நர்ஸ், அங்கன்வாடி டீச்சர், மகளிர் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டர், சமூக நலத்துறை அதிகாரியம்மா என்று நான்கு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். ஒரே ஊரில் வேலை பார்த்தும் அவர்கள் நால்வரும் அன்றுதான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“தறியை நிறுத்தவா மேடம்?” என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். சென்னியப்பன் முந்திக்கொண்டார். “ஆர்டர் இருக்குதுங்க. சத்தந்தான் இல்லீங்களே, அது பாட்டுக்கு ஓடட்டுமுங்க.”

தறிகள் பேசாமல் ஓடிக்கொண்டிருக்க, ஜெசிந்தா சொன்னார்: “யார் என்ன செய்ததுன்னு கேட்க போலீஸ் இருக்கு. நான் கேட்க வந்தது வேற. துளசிமணிக்கு நடந்தது யார் யாருக்குத் தெரிஞ்சிருந்தது? தெரிஞ்ச பிறகு ஆளாளுக்கு என்ன செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க, போதும்.”

முதலில் எழுந்தது சென்னியப்பன்தான். வேட்டியைச் சரி செய்துகொண்டு, “தறிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலீங்க” என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, மூலையில் ஒரு தறி ‘லடக்’ என்றது. பிறகு லடக், லடக் என்று பழையபடி இரைய ஆரம்பித்தது. பட்டறையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சென்னியப்பன் கண் கலங்கிக் கும்பிட்டார். அவருக்கு அடுத்து வந்த பக்கத்து வீட்டுக்காரர், “எனக்கும் கேக்கலீங்க, தறி ஓடிட்டு இருந்துச்சுங்க” என்றார். இன்னொரு தறி இரைந்தது. இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ரேஷன் கடையில்கூட அப்படியொரு வரிசை நின்றதில்லை. அழைக்காதவர்களும் வந்தார்கள், சமையலைப் பாதியில் விட்டு வந்தார்கள், கேக்கலீங்க, கேக்கலீங்க, ஒண்ணுமே கேக்கலீங்க என்று ஆளுக்கொரு முறை சொல்லிவிட்டு, தன் வீட்டுத் தறி இரைகிறதா என்று பார்க்கச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

பெஞ்சில் இருந்தவர்கள் முறை வந்தது. தடுப்பூசிக்குப் போனபோது துளசிமணியின் கையில் தீப்பட்ட தழும்பைப் பார்த்ததாக நர்ஸ் சொன்னார். குழந்தை பொம்மையின் கழுத்தை நெரித்து விளையாடியதாக டீச்சர் சொன்னார். துளசிமணி ஒருமுறை புகார் கொடுக்க வந்ததாகவும், புருஷனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லிச் சேர்த்து அனுப்பியதாகவும், சமாதானமாகிவிட்டதாகவும் இன்ஸ்பெக்டர் சொன்னார். சேர்த்து அனுப்பிய பெண்ணை அப்புறம் போய்ப் பார்த்தீர்களா என்று ஜெசிந்தா கேட்டபோது, அது சமூக நலத்துறை வேலை என்றார் இன்ஸ்பெக்டர். தகவலே வரவில்லை என்றார் சமூக நலத்துறை அதிகாரியம்மா. ஆளுக்கொரு துண்டுத் துணி வைத்திருந்தார்கள், சேர்த்துத் தைத்தால் ஒரு முழுப் பெண் கிடைத்திருப்பாள். ஆனால் நால்வரும் முடிக்கும்போது, “அதுக்கு மேல எங்க காதுக்கு எதுவும் வரலை மேடம்” என்றுதான் முடித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தறி இரைந்தது.

மதியத்துக்குள் தெரு முழுக்கப் பழைய இரைச்சல் வந்துவிட்டது. துளசிமணி ஓட்டிய தறிகள் மட்டும் இன்னும் ஊமையாக ஓடின. பாக்கி இருந்தது ஒரே சாட்சி, அந்தத் தறிகளுக்கு நேர் எதிரில் நின்று வேலை பார்த்த நாகரத்தினம். சென்னியப்பன் அவளைப் பார்த்து, சீக்கிரம் சொல்லி முடி என்று கையைச் சுழற்றினார். தூணோரம் நின்ற பூபதி ஒன்றும் காட்டவில்லை. சின்னம்மா என்ன சொல்வாள் என்பது அவனுக்குத் தெரியும், சின்ன வயதில் அவன் உடைத்த ஒவ்வொரு பானைக்கும் பூனையைக் குற்றம் சொன்னவள் அவள்.

ஜெசிந்தா மேஜைக்கு மேல் குனிந்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். “அம்மா! துளசிமணி உங்ககிட்ட எதாவது சொன்னாங்களா?”

இந்த முறை உண்மையாகவே ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான், அதுவரை அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பவளமணி எழுந்தாள். யாரையும் கேட்காமல் நடந்து போய், அக்கா நின்று தறி ஓட்டிய இடத்தில் நாகரத்தினத்தைப் பார்த்து நின்றாள். அவளும் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள்தான். கையைத் தூக்கினாள். அத்தை. என் அக்கா. உங்களிடம் என்ன சொன்னாள்?

நாகரத்தினத்தின் விரல்கள் தாமாகவே சேர்ந்தன. சொடுக்கினாள், தறியைக் காட்டினாள். இழை அறுந்துவிட்டது, அப்புறம். அந்தச் சாடையைக் காட்டுகிறவர்கள் கண்ணால் தறியைப் பார்க்காமல் இருக்க முடியாது, அது ஒரு பழக்கம். அவளும் பார்த்தாள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. திரும்ப நிமிர்ந்தால், அதே இடத்தில், அதே முகச்சாயலில், அதே உயரத்தில் ஒரு பெண் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

நாகரத்தினம் மீசையை முறுக்குவது போலக் காட்டினாள். தன் கழுத்தைத் தானே பிடித்துக் காட்டினாள். தரையைக் காட்டித் தண்ணீர் என்றாள். இடது கையைக் குழித்து, அதன் மேல் வலது உள்ளங்கையை வைத்து மூடினாள்.

அவள் மூடியதும் முதல் தறியின் சத்தம் நின்றது, அடுத்துப் பக்கத்திலிருந்த தறிகளின் சத்தமும்.

“என்ன காட்டறாங்க?” என்று ஜெசிந்தா எழுந்துவிட்டார். அவர் கண் அந்தக் கைகளை விட்டு நகரவில்லை. அவை ஒரு குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டின, சாவுக்கு முந்தின நாள் என்று காட்டின.

“எம் புருஷன் என்ற கழுத்தப் புடிக்கறான்” என்று பவளமணி உரக்கச் சொன்னாள். “தொட்டிக்குள்ள போட்டு மூடிருவேங்கறான். என்ற புள்ளைய நீங்க பாத்துக்கங்க அத்தை. இப்படித்தான் எங்கக்கா சொல்லியிருக்கறா. சாவுக்கு மொத நா.”

தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டே வந்தன. தெருக்கோடியிலிருந்து ஓய்ந்து வருவது கேட்டது. தூணோரம் நின்ற பூபதி கையைத் தூக்கினான். சின்னம்மாவைப் பார்த்து இரண்டு விரலைச் சொடுக்கினான், தறியைக் காட்டினான். இழை அறுந்துவிட்டது, நிறுத்து.

கடைசித் தறியும் ஓய்ந்த அமைதியில் நாகரத்தினம் வாயைத் திறந்தாள். தறிக்கு நடுவே கத்திக் கத்தி உரத்துப்போன குரல்.

“இழை ஒண்ணும் அறுந்து போகலடா பூபதி! அன்னிக்கும் அறுந்து போகல. நாந்தான் அந்தப் புள்ளைக்கு விரலைச் சொடுக்கிக் காட்டிட்டுத் திரும்பிக்கிட்டேன். அடுத்த நா விடிஞ்சு போயிப் பாத்தா தொட்டி மூடியிருந்துச்சு. மூடியத் தூக்குனது நானு. செவுத்துல சாத்தி வெச்சதும் நானு.” மூச்சு வாங்கினாள். “உன்னையப் பெத்தவ நானில்ல. ஆனா வளத்தவ நாந்தானடா சாமி.”

அவன் வாசலைப் பார்த்தான். வாசலை அடைத்துக்கொண்டு தெரு நின்றது. வரிசையில் நின்று கேக்கலீங்க என்று சொன்ன அதே ஆட்கள்தான். யாரும் அவனைத் தொடவில்லை, யாரும் வழியும் விடவில்லை. பெஞ்சிலிருந்து இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தார்.

நர்ஸ் எழுந்து நின்றார். அழுதுகொண்டிருந்தார். “நான் சொன்னதை மாத்திக்கலாமா மேடம்?”

“எல்லாரும் உட்காருங்க” என்றார் ஜெசிந்தா. “முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். இந்தத் தடவை காதை விடுங்க. கண்ணால பாத்ததைச் சொல்லுங்க.”

அன்று பொழுது சாயும் வரை சொன்னார்கள். ஆவணிக்குப் பேசிய கல்யாணத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. பூளைமேட்டுத் தறிகளுக்குச் சத்தம் திரும்பி வரவேயில்லை. பூபதி போன பிறகு வெளியூரிலிருந்து வருகிற பிட்டர்கள் பயந்துபோய்ப் பாதியில் ஓடிவிடுகிறார்கள். தெரு அதற்கும் பழகிக்கொண்டது. இப்போது ஒரு வீட்டில் பெல்ட்டை உருவுகிற ஓசை வந்தால், தறியை நிறுத்திவிட்டு நான்கைந்து பெண்கள் அந்த வாசலில் போய் நிற்கிறார்கள், முன்னால் நிற்பது நாகரத்தினம். கேஸ் நடக்கிறது, சாட்சிக் கூண்டிலும் முதலில் ஏறப்போவது அவள்தான். விரலைச் சொடுக்குகிற சாடையை யாரும் காட்டுவதில்லை. நிஜமாகவே இழை அறுந்தால் வாயைத் திறந்து சொல்லிக்கொள்கிறார்கள்.

குழந்தையைத் தாய்வீட்டாரிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்த அன்று, பவளமணி தன்ஷிகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். தெருமுனை வேப்பமரத்தைத் தாண்டியதும் பக்கத்துத் தெருவின் தறி இரைச்சல் இருவரையும் வந்து மூடியது. அதற்காகவே காத்திருந்தது போலக் குழந்தை கையை எடுத்தது. மூக்கைத் தொட்டது. உள்ளங்கையை அசைத்தது. சித்தியின் முகத்தைப் பார்த்து விரலை விரித்தது. அம்மா எப்ப வரும்?

பவளமணியின் இரண்டு விரல்கள் சேர்ந்துவிட்டன. எத்தனை தலைமுறைப் பழக்கம். சொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் நின்றாள். சேர்ந்த விரல்களைப் பிரித்து, குழந்தையின் காதோடு வாயை வைத்தாள்.

“அம்மா செத்துப் போயிட்டா சாமி. இனி வரமாட்டா.”

குழந்தை அவள் உதடுகளையே பார்த்தது. முகம் கோணியது. பிறகு, அம்மா போன நாளிலிருந்து முதல்முறையாக, வாயைத் திறந்து சத்தம் போட்டு அழுதது. பூளைமேட்டில் நாகரத்தினம் தறியிலிருந்து கையை எடுத்தாள். சென்னியப்பன் சாப்பாட்டில் வைத்த கை அப்படியே நின்றது. அந்தத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அது கேட்டது.